கடற்படை வாளும் இருபத்துமூன்று தலையும்

குணரத்தினம் வாயைத் திறந்தது கோயில் மடைப்பள்ளியில், பூசணிக்காய் வெட்டுகிற நேரத்தில். இரண்டு நிமிடம் பொறுத்துத் திறந்திருந்தால் ஒன்றுமே நடந்திராது. அடுத்த பூசணிக்காய் அழுகல். எல்லாருக்கும் அதைப் பற்றிக் கதைக்கவே பொழுது போயிருக்கும். ஆனால் மனிதர் அந்த இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் கார் ரயர்க் கடைக்கும் கார் கழுவுகிற இடத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்த அம்பாள் கோயில். முன்பு கம்பளம் விற்ற கிட்டங்கி. அம்பாளுக்குப் பதினெட்டுக் கை என்றால், கோயில் நிர்வாக சபைக்கு இருபத்துமூன்று தலை. சபைக்குக் கீழே பதினொரு உபகுழு. செருப்பு அடுக்குவதற்கு ஒன்று, பஞ்சாமிர்தம் பங்கிடுவதற்கு ஒன்று. ஒலிவாங்கிக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு வேறொன்று. இந்த இரண்டு குழுவும் ஆறு வருடமாகக் கதைபேச்சு இல்லாதபடியால், மைக்கில் சொல்வது வெளியே கேட்பதும் கேட்காததும் அம்பாளின் விருப்பம்.

நவராத்திரி முடிந்து விஜயதசமியன்று அங்கே வாழைவெட்டு நடக்கும். அம்பாள் மகிடாசுரனை வதைத்த கதைதான். ஒரு வாழையை அசுரன் என்று நட்டுவைத்து, குருக்கள் தலைப்பாகை கட்டி, மேளம் முழங்க, வாளால் வெட்டிச் சரிப்பார். ஊரில் இது பெரிய வேலையில்லை. வளவில் வாழை நிற்கும், கோயிலில் வாள் கிடக்கும். மொன்றியலில் இரண்டுக்கும் தட்டுப்பாடு. போன வருடம் இணையத்தில் எடுப்பித்த வாளைக் குருக்கள் ஓங்கினார். பிடி கையில் நின்றது, அலகு பறந்துபோய் நாதஸ்வரக்காரரின் காதைத் தடவிக்கொண்டு ஸ்பீக்கரில் குத்தி நின்றது. இது ஒலிவாங்கிக் குழுவின் சதி என்று ஒலிபெருக்கிக் குழு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தது.

"இந்த முறை ஒழுங்கான வாள் தராட்டி நான் மரக்கறிக் கத்தியாலைதான் வெட்டுவன். பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது" என்று குருக்கள் சொல்லிவிட்டார்.

அந்தக் கவலையில் மடைப்பள்ளியே மூழ்கியிருந்தபோதுதான் குணரத்தினம் சொன்னார்: "என்னட்டை ஒரு வாள் கிடக்கு. வெள்ளைக்காரன்ரை."

பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி வதனி காலை மிதித்தாள். காலம் கடந்துவிட்டது. வாசலில் கோயில் செயலாளர் சாரங்கன் நின்றான். கையில் எப்போதும்போலக் கோயில் சட்டதிட்டம் அடங்கிய யாப்புப் புத்தகம். நாற்பது வயது, கோயில் யாப்பின் நூற்றுப்பதினாறு பிரிவும் பாடம். பிள்ளைகளின் பிறந்தநாள்தான் இடைக்கிடை மறந்துபோகும்.

"அண்ணை, இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டுமில்லைத் தம்பி."

"இல்லை, வாள் எண்டு சொன்னனீங்கள். குறிப்பிலை ஏத்தியாச்சு."

அந்த வாளின் கதை இதுதான். குணரத்தினத்துக்கு டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. சனிக்கிழமைகளில் இல்-பிசார் தீவுக்குப் போய் மிஸிஸ் ஹார்கிறேவ் என்ற கிழவியின் வீட்டில் கோடையில் புல்லு வெட்டுவார், மாரியில் வாசலில் குவிகிற சினோப் பனியைத் தள்ளுவார். பதினான்கு வருடப் பழக்கம். கிழவியின் தகப்பன் பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரி, ஒரு ஒவ்விசர். அவர் சடங்குகளில் இடுப்பில் கட்டுகிற வாள் அது. கறுப்புத் தோலுறை, பொன்முலாம் பூசிய கைக்காப்பு, பிடியின் நுனியில் ஒரு சிங்கத்தலை, காப்பில் கிரீடமும் கயிறு சுற்றிய நங்கூரமும்.

போன வசந்தத்தில் கிழவி வீட்டை விற்றுவிட்டு அதே தீவில் இருக்கிற முதியோர் இல்லத்துக்குப் போனார். அங்கே மூன்று பொருள் கூடாது: மெழுகுதிரி, பூனை, வாள். மெழுகுதிரியை எறிந்தார். பூனையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். வாளைக் கம்பளியில் சுற்றிக் குணரத்தினத்தின் கையில் வைத்தார்.

"குணம், இதை உன் வீட்டில் வைத்திரு. நவம்பர் பதினொன்று, போரில் மாண்டவர்களை நினைக்கும் நாள், காலை பதினொரு மணிக்கு மட்டும் கொண்டு வா. அப்பாவின் படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் வைப்பேன். அறுபத்துநான்கு வருடமாக ஒரு வருடமும் தவறவில்லை. துருப்பிடிக்க மட்டும் விடாதே" என்று இங்கிலிசில் சொன்னார்.

கொண்டுவருவேன் என்று குணரத்தினம் சொன்னார். கடதாசியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வெறும் வாய்ப்பேச்சு. வெறும் வாய்ப்பேச்சு என்பதால்தான் அது அவர் தலையில் பாறாங்கல்லுப்போல இருந்தது.

கோயிலுக்கு ஒருநாள் இரவல் கொடுக்கலாமா என்று போனில் கேட்டார். கிழவி சிரித்தார். "வாழை மரத்தோடு சண்டையா? அப்பா இடுப்பில் கட்டிக்கொண்டு விருந்துகளுக்குப் போனதுதான் அந்த வாள் செய்த ஒரே வேலை. ஒருநாளாவது உழைக்கட்டும்."

அப்படித்தான் வாள் கோயிலுக்குப் போனது. இரவல், ஒரு நாள்.

"ஒரு நாளோ? எங்களுக்கு அரை நாளே காணும்" என்றார் தலைவர் மகேந்திரராசா. பதினேழு வருடமாகத் தலைவர். கோயிலில் அவருக்கென்று தனிக் கதிரை உண்டு. அம்பாளுக்கு இருப்பது நின்ற கோலம்.

விஜயதசமிக்கு முன்னமே வாளைப் பார்க்கக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் வைத்துச் சபை சுற்றி இருந்தது. முதலில் வாயைத் திறந்தவர் போசகர் சிவநேசம் ஐயா. எழுபத்தெட்டு வயது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உதென்ன, சிங்கமோ?"

ஐயா சிங்கத்தின் மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சிங்கமும் வாளும் ஒண்டாய் நிண்டதைக் கண்டுதானே நாங்கள் ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சையும் வந்திட்டுதோ?"

"ஐயா, அந்த இலங்கைக் கொடியிலை சிங்கத்தின்ரை கையிலை வாள். இதிலை வாளின்ரை தலையிலை சிங்கம். ஒழுங்கு மாறிக் கிடக்கு" என்றான் சாரங்கன்.

"ஒழுங்கு மாறினா இனம் மாறுமோ?"

"அம்பாளின்ரை வாகனமும் சிங்கம்தானே" என்று மூலையில் நின்ற குணரத்தினம் மெல்லச் சொன்னார். சபையில் உறுப்பினர் அல்லாதவர் கதைக்கக்கூடாது என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் சொன்னதையே தலைவர் தன்னுடைய யோசனையாகச் சொன்னார். அதை ஆராய ஒரு சிங்க விசாரணை உபகுழு அமைந்தது. மூன்று நாளில் ஒன்பது பக்க அறிக்கை வந்தது. "மேற்படி சிங்கத்துக்குத் தலை மட்டுமே உள்ளபடியாலும், வாலும் உடம்பும் காட்டப்படாதபடியாலும், அது எந்த நாட்டுச் சிங்கம் என்று நிச்சயிக்க இயலவில்லை. நிச்சயிக்கும்வரை அம்பாளின் வாகனமாகக் கொள்ளலாம். கயிறு சுற்றிய நங்கூரத்தைத் தலைகீழாகப் பார்த்தால் நாகம் சுற்றிய சூலம். ஆகவே அடியார்கள் தலைகீழாகப் பார்க்கவேண்டும்."

"அது கப்பல் நங்கூரம் ஐயா" என்றார், அறிக்கையை வாசலில் நின்று கேட்ட குணரத்தினம்.

"நீர் நேரா நிண்டு பாக்கிறீர். அதுதான் உமக்கு விளங்கேல்லை" என்றார் தலைவர்.

விஜயதசமி வந்தது. வாழை ஒரு அடியார் வீட்டு வரவேற்பறையில் பூச்சட்டியில் நின்றது, நாலடி உயரம். மூன்று வருடம் வீட்டைச் சூடாக்குகிற கீற்றரின் வெப்பத்தில் வளர்ந்த பிள்ளை. அதைத் தூக்கிக்கொண்டு வரும்போது அந்த வீட்டுக்காரி காருக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்து வந்தாளாம்.

குணரத்தினம் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஐயா, உது சடங்குக்குப் பிடிக்கிற வாள். கூர் வைக்கேல்லை. ஒண்டையும் வெட்டாது."

"கூர் வாளிலை இல்லைத் தம்பி, பக்தியிலை" என்றார் தலைவர்.

குருக்கள் ஓங்கி ஒரு வெட்டு. வாழை குலுங்கியது. இரண்டாவதில் ஒரு மட்டை மடிந்தது. ஐந்தாவதில் குருக்களின் தலைப்பாகை அவிழ்ந்தது. மேளகாரர்கள் அசுரன் சாகிறபோது அடிக்கிற அடியை முதல் வெட்டிலேயே தொடங்கிவிட்டபடியால் விடவும் முடியாமல், தொடரவும் முடியாமல் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பதாவதில் பூச்சட்டி வெடித்தது. வாழை வெடிக்கவில்லை. கடைசியில் சாரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அசுரனை அமத்திப் பிடிக்க, குருக்கள் பேக்கரிப் பாண் அறுக்கிறமாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து இழுத்து அறுத்தார். அசுரன் ஒருபக்கமாகச் சரிந்து, போவதா நிற்பதா என்று யோசித்து, ஒருவழியாக விழுந்தான்.

தலைவர் மைக்கை வாங்கினார். அன்று பார்த்து ஸ்பீக்கரும் வேலை செய்தது. "இம்முறை அசுரன் வழமையைவிடப் பலமாக இருந்தான். இதை நாங்கள் முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் அதற்கேற்ற வாளை ஒழுங்கு செய்திருந்தோம்."

அதோடு முடிந்திருக்கும். படம்தான் கெடுத்தது. பொன் காப்பும், நீலமும் பொன்னும் கலந்த குஞ்சமும், குருக்களின் கோபமான முகமும் பேஸ்புக்கில் அப்படி எடுபட்டன. லாவாலில் இருக்கிற மற்றக் கோயில்காரர் பொறாமையில் ஒரு லைக்கும் போடவில்லை. அது ஒன்று போதும். சபை அன்றைக்கே கூடி, வாளுக்குத் 'திருவாள்' என்று பெயரிட்டது.

அடுத்த நாள் குசினி வேலை முடிந்து, பஸ்ஸும் ரெயினும் மாறி, குணரத்தினம் வாளை எடுக்கப் போனார்.

"வாள் அபிஷேகத்திலை நிக்குது அண்ணை" என்றான் சாரங்கன்.

"என்ன அபிஷேகம்?"

"பால், தயிர், தேன், இளநீர். ஒரு குறையும் வைக்கேல்லை."

"தண்ணி படக்கூடாதெண்டு மிஸிஸ் சொன்னவ தம்பி. எண்ணெய்தான் பூசவேணும்."

"எண்ணெய்க்காப்பும் இருக்கு. நீங்கள் யோசிக்காதேங்கோ."

"சரி, துடைச்சுத் தாங்கோ. நான் கொண்டுபோறன்."

சாரங்கன் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொத்துப் பதிவேட்டைத் திறந்து காட்டினான். நானூற்றுப்பதினோராம் இலக்கம்: பித்தளைக் குடம், ஓட்டை. நானூற்றுப்பதின்மூன்று: மடக்குக் கதிரை, மடங்காது. இரண்டுக்கும் நடுவில், நானூற்றுப்பன்னிரண்டு: திருவாள்.

"அது இரவல் தந்ததெல்லோ?"

"இரவலெண்டு எழுத்து இருக்கோ?"

"இல்லை."

"எழுத்தில்லாமல் உள்ளுக்கு வந்ததெல்லாம் காணிக்கை. யாப்பு எட்டாம் பிரிவு. போன மாசம் நீங்கள் விட்டிட்டுப் போன குடையும் அப்பிடித்தான் பதிவாகிக் கிடக்கு."

"அது என்ரை வாள் இல்லைத் தம்பி. அந்த மனுசி நவம்பர் பதினொண்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும்."

"அப்ப விண்ணப்பம் போடுங்கோ. இன்னும் நாற்பது நாள் கிடக்குதானே."

விண்ணப்பம் நான்கு பக்கம். பொருளின் பெயர், பொருளின் கோத்திரம், பொருளின் நட்சத்திரம். குணரத்தினம் பேனையோடு இருந்து யோசித்தார்.

"வாளுக்கு என்னண்டு தம்பி நட்சத்திரம்?"

"தெரியாட்டித் திருவோணம் எண்டு போடுங்கோ. விஜயதசமிக்கு வந்ததெல்லாத்துக்கும் நாங்கள் அதைத்தான் போடுறது."

விண்ணப்பத்தைச் சொத்துக் குழு பரிபாலனக் குழுவுக்கு அனுப்பியது. பரிபாலனக் குழு, வாள் உலோகம் என்பதால் பாத்திரக் குழுவுக்கு அனுப்பியது. பாத்திரக் குழு அதைக் கழுவிக் கவிழ்த்துவைக்காத குறை. இருபது நாள் போனது. கிழவி போன் எடுத்தார். "குணம், இல்லத்து மனேஜர் சம்மதித்துவிட்டாள். மண்டபத்திலேயே வைக்கலாமாம். என் வயதுக்காரர் எட்டுப் பேர் வருகிறார்கள். நீ நல்ல கோட்டுப் போட்டு வா." குணரத்தினம் "ஓகே மிஸிஸ்" என்றார். வாள் கோயிலில் கிடப்பதை ஒளித்துவிட்டார்.

"பூசணிக்காயை வெட்டச் சொன்னா ஊர்வம்பை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்றாள் வதனி. "அந்த மனுசிக்குத் தொண்ணூற்றொரு வயசு. வாற வரியம் பாப்பம் எண்டு சொல்லுற வயசோ அது? போய்க் கேளுங்கோ. வாய் இருக்குத்தானே, அண்டைக்குத் திறந்த வாய்."

அந்த ஏச்சில்தான் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. வாளின் வெள்ளைப் பிடி மீன்தோல். சுறாவின் தோல் என்று கிழவி ஒருமுறை சொல்லியிருந்தார். சைவக் கோயிலுக்குள்ளே சுறா. தெரிந்தால் அந்த நிமிடமே வாசலுக்கு வெளியே தூக்கிப் போடுவார்கள், ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம்.

மாதப் பொதுக்கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். "ஐயாமார், அந்தப் பிடி சுறாத்தோல்."

குருக்கள் எழுந்து கை கழுவப் போனார். வாளுக்குப் பூச்சூட்டின பெண்கள் தங்கள் கைகளைத் தாங்களே பார்த்தார்கள். குணரத்தினம் வாசலுக்குக் கிட்டப் போய் நின்றுகொண்டார்.

தலைவர் கண்ணை மூடினார். திறந்தார்.

"பெருமாள் எடுத்த முதல் அவதாரம் என்ன?"

"மச்சம்" என்றது சபை.

"பெருமாள் அம்பாளுக்கு என்ன முறை?"

"தமையன்."

"தமையன்ரை தோல் தங்கச்சியின்ரை வீட்டிலை கிடந்தா ஆருக்கென்ன? இன்னுமொண்டு சொல்லுறன். இதைப் பொறாமையிலை ஆரும் சொல்லுவினம் எண்டு எனக்கு முதலே தெரியும். எங்கடை சபை ஒருநாளும் பிறத்தியாற்றை பொருளுக்கு ஆசைப்பட்டதில்லை. அந்த ஆசை வரக்கூடாதெண்டுதான் வாற பொருளை உடனேயே எங்கடை பேரிலை பதியிறம். எங்கடை பொருளிலை நாங்கள் ஆசைப்பட்டா அது குற்றமில்லை. நான் பதினேழு வரியமாய்ப் பதவியை விட்டுப் போறனெண்டு கடிதம் குடுக்கிறன். அந்தக் கடிதத்தை ஏற்கிறதோ எண்டு பாக்கிற குழுவுக்கும் என்னையே தலைவராய்ப் போட்டிருக்கினம். நான் என்ன செய்ய? ஏற்கேலாமல் கிடக்கு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் எடுத்தது. அன்றிலிருந்து சிங்கத்தின் நெற்றியில் குங்குமத்தோடு ஒரு நாமமும் ஏறியது.

கூட்டம் முடிந்து தலைவர் குணரத்தினத்தின் தோளில் கை போட்டார். "தம்பி, வாளிலை உமக்கிருக்கிற பற்று எங்களுக்கு விளங்குது. உம்மை வாள் பாதுகாப்பு உபகுழுவுக்குத் தலைவராய்ப் போடுறம்."

குணரத்தினத்துக்குக் கண் கலங்கியது. நெஞ்சில் ஒரு குஞ்சம் வைத்த பட்டி குத்தினார்கள். வாளை வைத்துப் பூட்டிய பெட்டியின் திறப்பையும் கையில் கொடுத்தார்கள். இனி என்ன, திறந்து எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான் என்று அவர் நினைத்தார். சாரங்கன் ஒரு கடதாசியை நீட்டினான்.

"வாளை ஆரும் வெளியிலை கொண்டுபோகாமல் பாக்கிறதுதான் அண்ணை உங்கடை பொறுப்பு. முதல் வேலையாய் இந்த விண்ணப்பத்தை நிராகரிச்சுக் கையெழுத்து வையுங்கோ. குணரத்தினம் எண்ட ஒரு ஆள் போட்டிருக்கிறார்."

"அது நான்தானே தம்பி."

"ஓம். ஆனா அவர் தனிநபர். நீங்கள் உபகுழுத் தலைவர். ரெண்டையும் குழப்பாதேங்கோ."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேளகாரர்கூடப் பார்த்தார். குணரத்தினம் கையெழுத்து வைத்தார். தன்னுடைய விண்ணப்பத்தைத் தானே மறுத்த கடிதம் மூன்றாம் நாள் தபாலில் அவருக்கே வந்தது. கீழே அவர் பெயர், மேலேயும் அவர் பெயர்.

நவம்பர் ஐந்தாம் திகதி அவர் இல்-பிசாருக்குப் போனார். இனி மறைக்க வழியில்லை. மிஸிஸ் ஹார்கிறேவ் சாப்பாட்டு மண்டபத்தில் யன்னலோரம் இருந்தார். மேசையில் தகப்பனின் படம், ஏற்கெனவே துடைத்து மினுக்கிவைத்தது. பக்கத்தில் அவருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டு நின்றாள் அஞ்சலீனா. மன்னார்ப் பிள்ளை, அந்த இல்லத்தில் முதியோரைப் பார்க்கிற வேலை.

குணரத்தினம் முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். சிங்கத்துக்கு வால் இல்லாததையும் சொன்னார், தமையன் தோலையும் சொன்னார். தன் கையெழுத்தைச் சொல்லும்போது மட்டும் நிலத்தைப் பார்த்தார். கிழவி ஏசவில்லை. படத்தைக் கொஞ்சம் நேராக வைத்தார்.

"பரவாயில்லை, குணம். படம் இருக்கிறது."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். இது தாங்கவில்லை.

"அண்ணை, உங்கடை கோயில் சட்டத்திலை பொருளை வெளியிலை குடுக்கிறதுக்கு ஒரு வழியும் இல்லையோ?" என்று அஞ்சலீனா கேட்டாள்.

"தனிநபருக்குக் குடுக்கேலாது. சம அந்தஸ்துள்ள ஒரு சபை எழுத்திலை கேட்டா மட்டும் இரவல் குடுக்கலாமாம். பத்தொன்பதாம் பிரிவு."

"அப்ப சபை ஒண்டைத் தொடங்குங்கோவன்."

"சபை தொடங்கிறது லேசுப்பட்ட வேலையோ பிள்ளை?"

"மூண்டு பேர் காணும் அண்ணை. எங்கடை சேர்ச்சிலை அஞ்சு பேருக்கு நாலு சபை இருக்கு."

அவள் இங்கிலிசில் கிழவிக்கும் விளங்கப்படுத்தினாள். கிழவியின் முதுகு நிமிர்ந்தது. அந்த மேசையிலேயே, சூப்புக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, தீவின் வாள் பாதுகாப்புச் சபை தொடங்கியது. தலைவர் மிஸிஸ் ஹார்கிறேவ். செயலாளர் குணரத்தினம். பொருளாளர் அஞ்சலீனா, பொருள் கோயிலில் இருந்தது. பிரெஞ்சு, இங்கிலிசு, தமிழ் மூன்றிலும் தலைப்புக் கடதாசி அடித்தார்கள். குணரத்தினம் டவுன்டவுனில் ஒரு கடையில் வட்டமாக ஒரு றப்பர் முத்திரை செய்வித்தார். முத்திரையின் நடுவில் நங்கூரம். அதை நேராகவே போடச் சொன்னார்.

கடிதம் கோயிலுக்குப் போனது. முத்திரையைக் கண்டதும் தலைவர் கதிரையிலிருந்து எழும்பினார் என்று சாரங்கனே பிறகு சொன்னான். முப்பத்துநான்கு நாளாக நகராத காரியம் நாற்பது நிமிடத்தில் நடந்தது. அவசரக் கூட்டம், ஏகமனதான தீர்மானம்.

"தனி ஆள் வந்து கேட்டா அது கெஞ்சல். ஒரு சபை கேட்டா அது உறவு" என்றார் தலைவர். செயலாளர் பெயரைப் பார்த்து, "உதார் இந்தக் குணரத்தினம், நல்ல நிர்வாகி போலை கிடக்கு" என்றும் சொன்னார்.

நவம்பர் பதினொன்று. வாள் தனியாக வரவில்லை. பதிவான சொத்து பரிவாரம் இல்லாமல் வெளியே போகக்கூடாதாம். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஒன்றில் சபையின் இருபத்துமூன்று பேரும், குருக்களும், மேளமும், குடையும், பொன்னாடை ஒரு பெட்டியும் தீவின் பாலத்தைத் தாண்டி வந்து இறங்கின. இல்லத்து மனேஜர் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். முதியோருக்குப் பரம சந்தோசம். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து இரண்டு பேர் உடுப்பு மாற்றப் போனார்கள்.

பத்தே முக்காலுக்குத் தலைவர் பேசத் தொடங்கினார். வாள் அவர் பக்கத்தில் வெள்ளித் தட்டில் கிடந்தது. மிஸிஸ் ஹார்கிறேவ் எதிரே, படத்துக்கு முன்னால், வெறும் மேசைவிரிப்போடு இருந்தார். பத்து ஐம்பதுக்குத் தலைவர் கோயில் கட்டின வரலாற்றுக்கு வந்தார். பத்து ஐம்பத்தைந்துக்கு முதலாவது நிர்வாக சபையின் பெயர்ப் பட்டியல். குணரத்தினம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், சாரங்கனைப் பார்த்தார். சாரங்கன் பட்டியலில் பெயர் விடுபடாமல் விரலால் தொட்டுக்கொண்டு வந்தான். பத்து ஐம்பத்தெட்டுக்கு இரண்டாவது சபையின் உபதலைவர்.

கிழவி கரண்டியை எடுத்துத் தண்ணீர்க் கோப்பையில் தட்டினார். இரண்டு தட்டு.

"மிஸ்டர் பிரெசிடென்ற், இந்தக் கூட்டத்துக்கு நான் தலைவர். உங்கள் நேரம் முடிந்தது. கதிரையில் இருங்கள்."

அஞ்சலீனா தமிழில் சொன்னாள். தேவைப்படவில்லை. பதினேழு வருடத்தில் அவரை இருக்கச் சொன்னவர் யாரும் இல்லை. சொன்னது ஒரு தலைவர் என்பதால் அவருக்கு மறுக்கத் தெரியவில்லை. இருந்தார். குணரத்தினம் தட்டிலிருந்து வாளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தார். மணி பதினொன்று.

இரண்டு நிமிடம் மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. ஒலிவாங்கிக் குழுவும் ஒலிபெருக்கிக் குழுவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் எழுந்து நிற்கப் பார்த்தார். குருக்கள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். மிஸிஸ் ஹார்கிறேவ் சிங்கத்தலையைப் பெருவிரலால் தடவினார். குங்குமம் விரலில் ஒட்டியது. துடைக்கவில்லை. அலகைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். துரு இல்லை, தேன் கொஞ்சம் இருந்தது.

பிறகு பொன்னாடைகள் போர்த்தினார்கள். படத்துக்கும் ஒன்று. போகும்போது தலைவர் பணிவோடு கேட்டார். "மடம், வாளை எப்ப திருப்பித் தருவியள்?"

அஞ்சலீனா மொழிபெயர்த்தாள். கிழவி கொஞ்சம் யோசித்தார்.

"எழுத்தில் விண்ணப்பியுங்கள். எங்கள் சபை பரிசீலிக்கும்."

தலைவரின் கண் கலங்கியது. சாரங்கனின் பக்கம் திரும்பி, "பாத்தீரோ, இதுதான் நிர்வாகம்" என்றார். பஸ் போனது.

குணரத்தினம் கொண்டுவந்த கம்பளியை விரித்தார். "மிஸிஸ், நான் முந்தினமாதிரி வீட்டிலை கொண்டுபோய் வைக்கிறன். இஞ்சை வைக்க விடமாட்டினம்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொல்லிக்கொண்டு வாளைத் தூக்கப் போனார். கிழவியின் கை வாளின்மேல் இருந்தது.

"குணம், இது இப்போது சபையின் பொறுப்பில் இருக்கிறது. அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது."

"மிஸிஸ்?"

"ஒரு தீர்மானம் வேண்டும். முன்மொழியவேண்டும், வழிமொழியவேண்டும். நீ செயலாளர், குறிப்பு எழுதவேண்டும். அஞ்சலீனா மூன்று மணிக்குத்தான் வேலை முடிப்பாள். அவள் வராமல் கூட்டம் செல்லாது." சொல்லும்போதே கன்னம் சிவந்துபோயிருந்தது. யன்னலோரம் வெறுமனே இருந்த கிழவியை இனி அங்கே காணமுடியாது போலிருந்தது. "அதுவரை தேநீர் குடிக்கலாம். அதோடு, மாதம் ஒரு கூட்டம் போதாது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வைத்தால் என்ன?"

குணரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. வெளியே சினோ மெல்லத் தூறத் தொடங்கியிருந்தது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, எதிரே இருந்து, சட்டைப் பையில் பேனையைத் தேடினார்.

"சரி மிஸிஸ்," என்றார், "ஆர் முன்மொழியிறது?"